நாலாம் மாடிப் பூச்சி

அந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்குக் குடோனில் இரவுக் காவல். விடிந்து வந்து படுத்தால் மதியம் வரை அசையமாட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இருட்டோடு கிளம்பிப் போய்ப் பிற்பகலில் திரும்பி, செருப்பைக் கழற்றிய கையோடு தரையில் தலை சாய்ப்பாள். அக்காவுக்குத் தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. அவளுடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் சின்னவள் பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பாகத்தான். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் சொல்லும் பதில் முன்பெஞ்சுக்கே எட்டாது. "தொண்டைக்குப் பூட்டு போட்டிருக்கியா?" என்று கேட்காத டீச்சர் இல்லை.

பத்தாவது முடித்தபோது, இந்த மார்க்குக்கு என்ன பிரிவு கிடைக்கும் என்று பள்ளி ஆபீசில் போய் நின்றாள். கிளார்க் தலையைத் தூக்காமலே "தோட்டக்கலை" என்றார். அவ்வளவுதான் கதை. வீட்டில் யாருக்கும் அதில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை.

"செடி வளக்கறதுக்குப் படிப்பு வேற வேணுமா?" என்றாள் அம்மா.

"நிழல்ல உக்காந்து பண்ற வேலைக்குப் படிக்கலாம்ல" என்றார் அப்பா. அவர் வேலை முழுக்க இருட்டில்தான். வெயிலைப் பற்றி அவருக்கு என்ன பயமோ.

அக்கா மட்டும் போர்வைக்குள்ளிருந்து, "செடி திருப்பித் திட்டாது. நல்ல படிப்புதான்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். அவள் சொன்னதைச் சின்னவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பில் நிழல் கொஞ்சமும் இல்லை. மண் சலிப்பதும், எரு கலப்பதும், கறுப்புப் பைகளில் மண் அடைப்பதுமாக முதல் வருஷம் போயிற்று. தோட்டத்துக் குழாய் உடைந்து கிடந்ததால் கட்டடத்தின் பின்பக்கத் தொட்டியிலிருந்து பூவாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். கணக்குப் பிரிவுப் பையன்கள் இவர்களுக்கு 'மண்வெட்டிக் கோஷ்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நகக்கண்ணில் போன அழுக்கு எந்த சோப்புக்கும் வராது. வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் கண் சொருகும். சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கும் அப்படித்தான். தோட்டக்கலையோடு நூலகமும், லீவு போட்டவர்களின் வகுப்புகளும் அவர் தலையில்தான். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் ஒரு மஞ்சள் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்.

"இது தண்ணி கூடிப்போனதா, குறைஞ்சுபோனதா? ரெண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் வாடும். மண்ணைத் தொட்டுப் பார்க்காம பதில் சொல்றவன் ஜோசியக்காரன்."

இரண்டாம் வருஷத்தில், வாரத்தில் சில பிற்பகல்கள் வெளியே பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது விதி. சின்னவளுக்கு வாய்த்தது ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிற ஒரு நர்சரி. அங்கே பெரிய நிழல்வலைக்குக் கீழே இரண்டு பகுதி. ஒன்றில் வெளியே அனுப்பத் தயாராக மினுமினுவென்று நிற்கிற செடிகள். இன்னொன்றில் ஏசி அறைகளில் நின்று நின்று நிறம் வெளுத்துத் திரும்பி வந்தவை. வேன் ஓட்டுகிற அண்ணா முதல் பகுதியை 'டூட்டி' என்பார், இரண்டாவதை 'மெடிக்கல் லீவு' என்பார்.

"நமக்குத்தான் லீவு கிடையாது, இதுங்களுக்காவது இருக்கே" என்பது அவர் வழக்கமான பேச்சு. ஒவ்வொரு ஆபீசிலும் வாடிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு புதுத் தொட்டியை வைக்கும்போது அதைச் சொல்வார். சிரிக்க ஆள் இல்லாவிட்டால் தானே சிரித்துக்கொள்வார்.

நர்சரியை நடத்துகிற மேடத்துக்குக் காதில் போனும் கையில் கத்தரியும் எப்போதும் இருக்கும். போனில் பேசிக்கொண்டே இலையைக் கத்தரிப்பார். கத்தரித்துக்கொண்டே ஆட்களை வேலை ஏவுவார். யாரிடம் எதைச் சொல்கிறார் என்பது பல நேரம் குழப்பம்.

ஒருநாள் வேன் அக்காவின் ஆபீசுக்குப் போனது. இது நடக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். அக்காவும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"அங்க வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. யார்கூடயாவது ரெண்டு வார்த்தை பேசினா அதை பிரேக் டைம்ல கழிச்சுடுவாங்க."

நாலாம் மாடி முழுக்க ஒரே கூடம். வரிசை வரிசையாக மேஜைகள், தலையில் ஹெட்செட் மாட்டிய ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட ஒருவரோடு பேசிக்கொள்ளவில்லை. அக்கா கடைசி வரிசையில், தூண் ஓரமாக இருந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்ததும் சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அதே முதுகு.

"புரியுது சார். உங்க கோபம் நியாயம்தான் சார். கண்டிப்பா பதிவு பண்றேன் சார்."

அந்தக் குரலைச் சின்னவள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. தேனில் குழைத்தது போல இருந்தது. ஹெட்செட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் கத்துவது கொசு பறக்கிற மாதிரி வெளியே கசிந்தது. அக்காவின் வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கை, யாரோ வேறொருத்தியின் கை போல, தானாக நீண்டு தூண் அருகே கம்பத்தில் ஏற்றியிருந்த மணி பிளான்ட்டின் இலையைப் பிடித்தது. நகத்தால் விளிம்பைக் கிள்ளி, நடுநரம்பு வரை நாராகக் கிழித்து, கிழித்ததை விரலில் உருட்டித் தொட்டிக்குள் போட்டது. பிறகு அடுத்த நார்.

சின்னவள் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மண் தெரியவில்லை. மேலே பச்சை உருண்டைகள், அதற்கடியில் பழுப்பு உருண்டைகள், அதற்கும் அடியில் காய்ந்து கறுத்துப்போனவை. உட்கார்ந்தபடி ஓர் ஆளின் கை எட்டுகிற உயரம் வரை கம்பத்தில் ஓர் இலைகூட முழுசாக இல்லை. விளிம்பெல்லாம் பிறை பிறையாக நகக்குறி.

"பாருங்க, எப்ப மாத்தினாலும் இந்தச் செடி இப்படித்தான் ஆகுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாடி மேனேஜர்; சின்ன வயசு, கழுத்தில் அட்டை. "பூச்சியா, இல்ல யாராவது கைவரிசை காட்டறாங்களா? கைவரிசைன்னா சொல்லுங்க, கேமராவைப் போட்டுப் பார்த்துடறேன்."

வேன் அண்ணா தலையைச் சொறிந்தார். "எனக்கு வண்டிதான் தெரியும் சார். இந்தப் பாப்பா படிக்குது, அதைக் கேளுங்க."

அக்காவின் கை இலையிலிருந்து விலகி மடியில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. "லைன்லயே இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூச்சிதான் சார்" என்றாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கூடத்தின் பாதி வரை கேட்டது. "இலை தின்னிப் புழு. ராத்திரியில வந்து தின்னும். பகல்ல கண்ணுல படாது."

பொய்யை ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். ராத்திரி என்றும் புழு என்றும் சேர்த்ததுதான் வினையாயிற்று. மேனேஜர் நாலு அடி பின்னால் போனார். "கம்ப்யூட்டருக்குள்ள போயிடுமா?" என்றார். போகாது என்று அவள் சொல்வதற்குள், இந்த மாடியிலிருக்கிற எல்லாத் தொட்டியையும் இப்போதே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் லிப்டில் இறக்கி வேனில் ஏற்றுவதற்குள் இருவருக்கும் இடுப்பு ஒடிந்தது. நர்சரிக்குப் போனதும் அங்கே அடுத்தது. பூச்சி என்றால் மற்றச் செடிகளோடு வைக்கக்கூடாது. நிழல்வலைக்கு வெளியே, மதில் ஓரம், வெட்டவெளியில் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொன்னார் மேடம். காதில் போன், மறுமுனையில் வேறு யாருக்கோ ஏதோ அவசரம்.

"வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிச்சுடு. இப்பவே" என்றார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. எண்ணெய் மருந்தை வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கிய பதில் அது. "சாயங்காலம் அடிக்கலாமே மேடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சாயங்காலம் என்று ஆரம்பித்தால், என்ன பூச்சி, எங்கே முட்டை, எங்கே எச்சம் என்று பேச்சு நீளும். அதுவுமில்லாமல் அவளுக்குக் காலும் கையும் தன்னுடையதாகவே இல்லை. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, இல்லாத பூச்சிக்கு ஒவ்வொரு இலையாக நனைத்து முடித்தாள்.

மறுநாள் காலை அபூர்வமாக அக்கா விழித்திருந்தாள். அடுப்படியில் சுவரில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே குறட்டை விட்டதால் இருவரும் வழக்கம்போல உதட்டால் பேசினார்கள்.

"செடியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"பூச்சி."

"பூச்சியா?"

அக்கா மேஜையில் கிடந்த பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து விரலில் உருட்டினாள். உருட்டியது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான் பூச்சி" என்றாள். சிரிப்பு வந்தது இருவருக்கும், வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்காவின் சிரிப்பு முதலில் நின்றது.

"தினமும் அப்படியா கத்துவாங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"கத்தறவங்க பரவாயில்ல. கத்தி முடிச்சா போயிடுவாங்க. நிதானமா, அழகா, 'உன்னை மாதிரி ஒரு பொண்ணைப் பெத்தவங்க பாவம்'னு சொல்றவங்க இருக்காங்க பாரு. அவங்களுக்கும் நன்றி சொல்லித்தான் வைக்கணும்." தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நான் கிழிக்கறேன்னு எனக்குப் பாதி நேரம் தெரியவே தெரியாதுடி. ஷிப்ட் முடிஞ்சு எழுந்திருக்கும்போது நகத்துல பச்சையா இருக்கும். அப்பதான் தெரியும்."

"வேற வேலை பார்க்கலாம்ல."

"பார்க்கலாம். பார்க்கறதுக்கு ஒரு நாள் முழிச்சிருக்கணுமே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

அடுத்த தடவை நர்சரிக்குப் போனபோது மதில் ஓரம் பார்க்கவே முடியவில்லை. கொதிநீரை ஊற்றியது போல இலைகள் வெந்து, வெளிறிய திட்டுத்திட்டாகச் சுருண்டு கிடந்தன. மேடம் அன்று போனில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அதுவே நல்ல அறிகுறி இல்லை.

"ஒரு இலையையும் விடாம புரட்டிப் பார்த்துட்டேன்" என்றார். "புழுவும் இல்ல, முட்டையும் இல்ல. எந்தப் பூச்சிடி இது?"

"பூச்சி இல்ல மேடம்."

"பின்ன?"

"எங்க அக்கா."

மேடத்துக்குக் காதில் சரியாக விழவில்லை. "சத்தமா சொல்லு" என்றார். சின்னவள் சத்தமாகச் சொன்னாள். ஆரம்பித்ததை நடுவில் விட முடியாமல் ஹெட்செட், கேமரா, பச்சை உருண்டைகள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வேன் அண்ணா வண்டி துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். "அடப் பாவமே" என்றார். அது யாருக்கு என்று தெரியவில்லை.

மேடம் கவிழ்த்துப் போட்ட தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"வெயில்ல எண்ணெய் அடிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"பொய் சொல்லிட்டதால, நீங்க சொன்னதை மறுத்துப் பேச வாய் வரல."

"இப்பவேன்னு சொன்னவ நான்தான்" என்றார் மேடம், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "அக்காவுக்காகப் பொய் சொன்னதை விட்டுடலாம். செடிக்காக ஒரு வார்த்தை பேசாததை விட முடியாது. உன் மார்க்குல அது தெரியும். இதெல்லாம் இனி உன் பொறுப்பு. வெந்த இலையைக் கத்தரி, நிழலுக்கு மாத்து. துளிர்க்கற வரைக்கும் நீதான் பார்த்துக்கணும்."

நாலாம் மாடிக்காரர்கள் செடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பிளாஸ்டிக் செடி வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

அதன்பின் அந்தப் பிற்பகல்களெல்லாம் ஒரே மாதிரிதான். தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வலைக்கடியில் கொண்டுவந்தாள். வெந்ததை வெட்டினாள், இலையைக் கழுவினாள், மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டாள். மனம் ஒன்றியெல்லாம் செய்யவில்லை. தப்பைத் துடைக்கிற வேலையில் என்ன ஒன்றுதல். கொட்டாவி விட்டுக்கொண்டே செய்தாள். சில செடிகள் பட்டுப்போயின. மிச்சத்தில் கணுவுக்குக் கணு பச்சை முளை கண் காட்டியபோதும் அவளுக்குத் துள்ளத் தோன்றவில்லை. அப்பாடா என்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு பிற்பகலில் அக்கா நர்சரி வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. ஷிப்ட் நடக்கிற நேரம்.

"வேலையை விட்டுட்டியா?"

"தெரியல." அக்கா வலைக்கடியில் வந்து சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஒரு ஆள் பேசிட்டே இருந்தாரு. கை அந்த பிளாஸ்டிக் இலைக்குப் போச்சு. அது கிழியல. கறக் கறக்குனு சத்தம் போடுது. பக்கத்துல இருக்கறவ திரும்பிப் பார்த்தா. ஹெட்செட்டைக் கழட்டி மேஜையில வெச்சேன். அந்த ஆள் உள்ள கத்திட்டேதான் இருந்தாரு. வந்துட்டேன்."

"சொல்லிட்டு வந்தியா?"

"சொன்னா விடுவாங்களா?" கம்பத்தில் மொட்டையாக நின்ற கொடியைப் பார்த்தாள். "இதா அது?"

"ஆமா. கணுவுல உயிர் இருக்கு. வந்துடும்."

அக்கா அதைத் தொடவில்லை. எருச் சாக்குகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள், சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. அக்கா தூங்குவதைச் சின்னவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பகல் வெளிச்சத்தில், சுவர்ப்பக்கம் திரும்பாமல் அவள் தூங்கி இப்போதுதான் பார்க்கிறாள். கண்ணுக்குக் கீழே அம்மாவின் வயசு தெரிந்தது.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "இவங்கதான் அந்தப் பூச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சின்னவள் தலையாட்டினாள். மேடம் சத்தம் வராமல் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போனது அன்று ஒருநாள்தான்.

அக்கா எழுந்ததும், சும்மா இருக்க வேண்டாமே என்று பூநாற்றுத் தட்டு ஒன்றை அவள் முன் வைத்தார் மேடம். நாற்றின் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளை அடிக்கும். அதைச் செய்யச் சொன்னார். அக்கா மும்முரமாகச் செய்தாள். மேடம் திரும்பி வந்து பார்த்தபோது பாதித் தட்டில் நுனி மட்டுமல்ல, தண்டே இல்லை.

"கிள்ளச் சொன்னா மொட்டை அடிச்சு வெச்சிருக்காங்க" என்றார் மேடம். "வீட்டோட எல்லாருக்கும் செடிக்கு ஆகாத கைதான்."

"மன்னிச்சுடுங்க மேடம்" என்றாள் அக்கா. ஹெட்செட் குரல் அல்ல; சொந்தக் குரல், கொஞ்சம் கரகரத்தது.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனாள். எச்சரிக்கை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, எழுத்தில் வருகிற புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். அங்கே சம்பளம் குறைவு என்பதால் யாரும் போட்டிக்கு வரவில்லை; கொடுத்துவிட்டார்கள். அம்மா முணுமுணுத்தாள். அப்பா, "காது மிச்சமாச்சுல்ல, விடு" என்றார்.

"எழுத்துல திட்டறாங்கதான்" என்றாள் அக்கா. "ஆனா படிச்சு முடிச்சுட்டு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கலாம். அதுக்குள்ள யாரும் 'ஹலோ, ஹலோ'ங்கறதில்ல."

சின்னவளின் பயிற்சி மார்க் குறைந்துதான் வந்தது. டீச்சர் ஏன் என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "மிச்சம் பிழைச்சுதா?" என்றார். பிழைத்தது என்றாள். "சரி, போ" என்றார்.

பயிற்சியின் கடைசி நாளன்று அக்கா அவளை அழைத்துப்போக வந்தாள். புதுப் பிரிவில் மாலையோடு வேலை முடிந்துவிடும். தேறிய தொட்டிகளை அன்று ஏதோ ஒரு வங்கிக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வேன் அண்ணா வழக்கம்போல "மெடிக்கல் லீவு முடிஞ்சிருச்சு" என்றார்; சின்னவள் சிரித்து வைத்தாள். மேடம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பரீட்சை முடிந்ததும் வந்து பார் என்பது போலக் கையைக் காட்டினார். அல்லது போனில் இருந்தவருக்குக் காட்டினாரோ என்னவோ.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அக்கா கேட்டாள். "இந்தப் படிப்பு உனக்குப் பிடிச்சிருக்கா?"

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இடுப்பு வலித்தது. கைவிரலை மடக்கினால் மண் உதிர்ந்தது.

"தெரியலக்கா" என்றாள். "காலையில எழுந்திருக்கும்போது வெறுப்பா இல்ல."

அக்கா யோசித்தாள். "பெரிய விஷயம்தான் அது" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. உட்கார இடமில்லை, ஒரே கம்பியை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.